மிசுமோரியின் ஆறு மணிச் சிரிப்பு

மிசுமோரி நகரத்தில் சாயங்காலம் வருவது சூரியனைக் கேட்டு அல்ல, மலையடிக் கோயில் மணியைக் கேட்டு. முந்நூற்றுப் பத்து வருஷமாக அந்த மணி மாலை ஆறுக்கு ஒரே ஒரு தடவை ஒலிக்கும், ஒலித்ததும் கொடியில் காய்கிற துணிகள் வீட்டுக்குள் போகும், ஆற்றங்கரையில் விளையாடும் பிள்ளைகள் செருப்பைத் தேடுவார்கள், சோயாக் கட்டியான தோஃபு விற்பவர் தன் சின்ன ஊதுகுழலை ஊதிக்கொண்டு சந்துக்குள் நுழைவார், பொதுக் குளியல் கூடத்தில் விளக்கு எரியும், காகங்கள் கோட்டைக்குப் பின்னால் இருக்கிற பைன் மரங்களுக்குத் திரும்பும். கோடையில் சூரியன் மேலே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, பனிக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்பே இருட்டிப் போயிருந்தாலும் சரி, மணி சொல்லாதவரை அந்த ஊரில் யாருக்கும் அது சாயங்காலம் இல்லை. இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கோவில்பட்டி செண்பகவல்லி ஒரு மே மாதத்துத் திங்கட்கிழமை, சுங்குடிச் சேலையும் ஓட்டப்பந்தய ஷூவுமாக வந்து இறங்கி, இறங்கிய நான்காவது மணி நேரத்தில் அந்த மணியின் சத்தத்தை எடுத்துக்கொண்டாள்.

வேண்டுமென்று செய்த காரியம் இல்லை. மதுரையிலிருந்து கிளம்பிய பதினெட்டுப் பேர் சுற்றுலாக் குழுவில் அவளும் அவள் கணவர் ஆவுடையப்பனும் இருந்தார்கள். கூட்டுறவு வங்கியில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆவுடையப்பன். ஆகையால் பயணத்தாளில் 'பாரம்பரிய அனுபவங்கள்' என்று அச்சடித்திருந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, முடிந்ததும் டிக் அடிக்கத் தயாராக வைத்திருந்தார்: கிமோனோ உடுத்திப் பார்த்தல், தேநீர்ச் சடங்கில் அமர்தல், அரிசிமாவு இனிப்பை அச்சில் பிடித்தல், கோட்டை அகழியில் படகு, கோயில் மணி அடித்தல். குழுவுக்கு வழிகாட்டி மொரிஷிதா என்ற ஜப்பானியர். மதுரையில் ஐந்து வருஷம் தங்கி, மனிதர்களிடம் கற்றதைவிடப் புத்தகங்களிடம் அதிகம் தமிழ் கற்றவர் என்பதால், பஸ் வந்துவிட்டது என்பதைக்கூட "பேருந்து எழுந்தருளிற்று" என்றுதான் சொல்வார்.

மணி, கவிழ்த்து வைத்த நெல் குதிர் போல ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. நம் ஊர் மணிக்கு இருப்பதுபோல அதற்கு நாக்கு கிடையாது. பக்கத்தில் கயிற்றில் தொங்குகிற மரத்தண்டைப் பின்னால் இழுத்து விட்டால் அது வந்து மோதும். பயணிகள் பகலில் இலேசாகத் தட்டிப் பார்ப்பதோடு சரி, அந்தச் சத்தம் முற்றத்தைத் தாண்டாது. குழுவில் முதலாவதாகச் செண்பகவல்லியை அழைத்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிணற்றில் வாளி இழுக்கிற வேகத்தில் கயிற்றை இழுத்து விட்டாள். தண்டு போய் மோதியது, அவள் முழங்கைவரை அதிர்ந்தது, மண்டபத்து ஓட்டிலிருந்து புறா ஒன்று எழுந்து பறந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவேளை தாமதமாக வருமோ என்று சிலர் மலையைப் பார்த்தார்கள். கோயில் துறவி ஷூகேன் குனிந்து, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல மணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஒலி அகத்தே இல்லையாம்" என்றார் மொரிஷிதா.

"நீ என்ன செஞ்ச?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"என்ன செஞ்சேன்? அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன்."

மற்ற பதினேழு பேரும் அடித்துப் பார்த்தார்கள். பஞ்சு மூட்டையில் அடித்த மாதிரி இருந்தது. ஆவுடையப்பன் அனுபவம் முழுமை பெறவில்லை என்று அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்.

அன்று மாலை ஆறு மணி, மிசுமோரிக்கு வரவில்லை. விடுதியின் மாடி ஜன்னலிலிருந்து செண்பகவல்லி தெருவைப் பார்த்தாள். துணிகள் கொடியிலேயே கிடந்தன, பிள்ளைகள் களைத்துப் போயும் ஓடிக்கொண்டிருந்தார்கள், தோஃபுக்காரர் சந்து முனையில் ஊதுகுழலை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு காலை முன்னால் வைத்து நின்றார். ஆறரை ஆனது, ஏழு ஆனது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தாமதமாக வருகிற விருந்தாளிக்காகக் காத்திருப்பதுபோல ஊரே மரியாதையாகக் காத்திருந்தது.

ஏழு பத்துக்கு விடுதியின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, கை கழுவப் போயிருந்த ஆவுடையப்பன் திரும்பி வந்தார். வங்கிக்குத் தணிக்கை அதிகாரி வருகிற தினத்தில் நடப்பாரே, அந்த நடை. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவர் நடந்து போகப் போக, பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரியாதைதான் காட்டுகிறார்கள் என்று அவரும் இலேசாகத் தலையசைத்தார். அப்போது மொரிஷிதா எழுந்து வந்து, அவர் காதருகில், ஆனால் பதினெட்டுப் பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஐயா, தங்கள் திருவடிகளில் இருப்பவை கழிப்பறைக்கே உரிய பாதுகைகள்."

இங்கே செண்பகவல்லியின் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் அதற்கென்று ஒரு சரித்திரம் இருந்தது. துக்க வீட்டில், ஒப்பாரிக்கு நடுவில் யாருடைய போனிலோ குத்துப்பாட்டு அடித்தபோது வந்த சிரிப்பு. நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி சறுக்கியபோது வந்த சிரிப்பு. வந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். கல்யாணமான முப்பத்துநாலு வருஷமாக ஆவுடையப்பன் அந்தச் சிரிப்பு கிளம்புகிற நொடியில் "வல்லி, மெதுவா" என்று சொல்லி வந்திருக்கிறார், அவளும் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய அதை விழுங்கி வந்திருக்கிறாள். அன்றைக்கு முந்தானை இடுப்பில் செருகியிருந்தது, எடுக்க நேரமில்லை.

அவள் வாயைத் திறந்தாள். 'ஹா' வர வேண்டிய இடத்தில் மணி வந்தது.

தொப்புளுக்குக் கீழேயிருந்து புறப்பட்டு, நெஞ்சை நிறைத்து, அகலமாக, அவசரமே இல்லாமல் வெளியே வந்தது அந்தச் சத்தம். சூப்புக் கிண்ணங்களில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. காகிதக் கதவுகளைத் தாண்டி, ஓட்டுக் கூரைகளின் மேல் நடந்து, மலைவரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. தெருவில் துணிகள் சரசரவென்று வீட்டுக்குள் போயின, பிள்ளைகள் செருப்பைத் தேடினார்கள், தோஃபுக்காரர் முன்னால் வைத்த காலோடு பின்னால் இருந்த காலையும் சேர்த்துக்கொண்டு ஊதினார், குளியல் கூடத்தில் விளக்கு எரிந்தது. விடுதியை நடத்துகிற அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செண்பகவல்லியை வணங்கி, "இன்று கொஞ்சம் தாமதம்" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டு, சோறு பரிமாறுவதைத் தொடர்ந்தாள்.

"வல்லி, மெதுவா" என்றார் ஆவுடையப்பன், கழிப்பறைச் செருப்போடு நின்றபடி.

மறுநாள் காலை இரண்டு பேர் அவளைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் துறவி ஷூகேன். இன்னொருவர் நகராட்சியில் சுற்றுலாப் பிரிவைக் கவனிக்கிற ஹயகாவா, நாற்பது வயதுப் பெண், கையில் இரவோடு இரவாகத் தயாரான ஒரு படிவம்: ஒலித்த நேரம், ஒலித்த இடம், காரணம், காரணத்தின் காலணி. இருவரும் மண்டியிட்டு உட்கார்ந்து பேச, மொரிஷிதா மொழிபெயர்த்தார்.

"எம் மணியோசை தங்கள் நகைப்பினுள் தங்கியுள்ளது. இதில் தங்கள் பிழை யாதொன்றும் இல்லை. நாங்கள் வேண்டுவது ஒன்றே: தாங்கள் இவ்வூரில் உள்ளவரை, நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு நகைத்தருள இயலுமா?"

ஆவுடையப்பன் முந்திக்கொண்டார். "அது சிரமம்ங்க. இவ சிரிக்கக் கூடாத நேரத்துலதான் சிரிப்பா. அத நேரத்துக்குக் கட்டுப்படுத்த முடியும்னா நான் எப்பவோ செஞ்சிருப்பேனே."

ஹயகாவா அதையும் படிவத்தில் குறித்துக்கொண்டார். செண்பகவல்லி மட்டும் மொரிஷிதாவைப் பார்த்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க தம்பி" என்றாள்.

"நகைத்தருள இயலுமா?"

ஒருவர் தன்னைச் சிரிக்கச் சொல்லிக் கேட்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "பாக்கேன்" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

ஆனால் ஆறு மணிவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. பயணத்தாளின்படி செவ்வாய்க்கிழமை மதியம் கிமோனோ. கடைக்காரப் பெண்கள் இருவர் ஆவுடையப்பனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், இழுத்து, சுற்றி, முடிச்சுப் போட்டு, சரியாக மூன்று மணிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நெற்றியில் திருநீறு, அதற்குக் கீழே மீசை, அதற்குக் கீழே கொக்குகள் பறக்கும் நீலப் பட்டு, அது முடிகிற இடத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம் ஆவுடையப்பன். அவர் உயரத்துக்கு அந்த ஊரில் கிமோனோ தைத்ததில்லை. "எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார், கேட்டிருக்க வேண்டியதில்லை.

மூன்று மணிக்கு மிசுமோரியில் சாயங்காலம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கணக்கை மீதியோடு விட்டுவிட்டுப் புத்தகங்களை மூடினார்கள். முடிதிருத்துபவர் பாதிக் கன்னத்தோடு இருந்த வாடிக்கையாளரிடம் நாளை பார்க்கலாம் என்று வணங்கி விடைகொடுத்தார், வாடிக்கையாளரும் பதிலுக்கு வணங்கிப் பாதி முகத்தோடு வீட்டுக்குப் போனார். ஈரத் துணிகள் ஈரமாகவே உள்ளே போயின. காகங்கள் ஒன்றோடொன்று வாதாடிக்கொண்டே பைன் மரங்களுக்குத் திரும்பின. நாலு மணிக்கு ஊரே இரவுச் சாப்பாட்டை முடித்து, ஐந்து மணிக்குப் படுத்து, முகத்தில் வெயில் அடிக்க அடிக்கத் தூங்கியது. சூரியனிடம் மட்டும் யாரும் சொல்லாததால் அது ஆளில்லாத தெருக்களில் ஏழு மணிவரை தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் செண்பகவல்லிக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை காலையில் அவள் தெருவில் இறங்கியபோது ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பெண்கள் குனிந்து வணங்கி "கனே-சான்" என்றார்கள். மணி அம்மா என்று அர்த்தம் என்றார் மொரிஷிதா. ஆவுடையப்பனை யாரும் எதுவும் கூப்பிடவில்லை. அவர் இரண்டடி பின்னால் அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று ஊர் முழுக்க அவளுக்கு உதவி செய்தது. ஆறு மணிக்கு முன்னால் அவள் கண்ணில் வேடிக்கையானது எதுவும் பட்டுவிடக் கூடாது என்று, கடை வாசலில் கையாட்டும் பூனைப் பொம்மைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஸ்வெட்டர் போட்ட ஒரு நாயைப் போலீஸ்காரர் தயவாகப் பேசி வேறு தெருவுக்கு அனுப்பினார். தேநீர்ச் சடங்கில், ஒரு மணி நேரம் மண்டியிட்டு உட்கார்ந்த ஆவுடையப்பன் கால் மரத்துப்போய், எழுந்திருக்கப் பார்த்து, தவழ்ந்து, தூணைப் பிடித்தபோது, தேநீர் கலக்குகிற அம்மாள் முதற்கொண்டு எல்லோரும் தோட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். செண்பகவல்லி முந்தானையைச் சுருட்டி அடைத்துக்கொண்டாள். அதில்தான் முப்பத்துநாலு வருஷப் பயிற்சி இருந்ததே.

மாலை ஆறுக்குக் கோயில் முற்றத்தில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். மேயர் முன்னால் வந்து, தவளையும் வரி அதிகாரியும் வருகிற ஒரு நகைச்சுவைக் கதையைச் சொன்னார். மொரிஷிதா அதை ஆசிரியப்பா நடையில் மொழிபெயர்த்தார். செண்பகவல்லிக்கு வரவில்லை. நேற்றைய கிமோனோவை நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. ஆறு தாண்டி ஐந்து நிமிஷம் ஆனது. இருநூறு முகங்களும் அவசரம் இல்லை, அவசரம் இல்லை என்பதுபோலப் புன்னகைத்தன. அந்தப் புன்னகையைப் பார்க்கச் சகிக்காமல் அவள் வாயைத் திறந்து, "ஹா. ஹா. ஹா" என்று செய்து காட்டினாள்.

தாம்பாளம் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஊர் அதற்கும் கீழ்ப்படிந்தது, ஆனால் பாதிதான். துணிகளில் பாதி உள்ளே போனது, காகங்கள் பாதி வழியில் மின்கம்பியில் உட்கார்ந்துவிட்டன, பிள்ளைகள் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்று உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்தார்கள். இருநூறு பேரும் நன்றி சொல்லி வணங்கினார்கள். எத்தனையோ பேர் முறைத்தபோதெல்லாம் வராத வெட்கம் அப்போது அவளுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை ஹயகாவா ஒரு சாவியோடு வந்தார். குழு வெள்ளிக்கிழமை காலையில் விமானம் ஏற வேண்டும். அது ஊருக்கே தெரியும். இரவு நகராட்சி மன்றம் கூடிப் பேசி ஒரு தீர்மானம் போட்டிருந்தது, அதை மொரிஷிதா நின்றுகொண்டு வாசித்தார். கோயிலை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது, பின்னால் ஒரு சீமைப் பனிச்சை மரம் இருக்கிறது, 'நகர மணி' என்று ஒரு பதவி இருக்கிறது. ஆறு மணிக்கு என்கிற கட்டாயம் இனி இல்லை.

"தாங்கள் எப்பொழுது நகைக்கிறீர்களோ, அப்பொழுதே எங்கட்கு மாலை" என்று வாசித்து முடித்து, மொரிஷிதா தாளை மடித்தார்.

செண்பகவல்லி சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒரு ஊர் தன் பொழுதைத் தூக்கி அவளுடைய சிரிப்பின் காலடியில் வைக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் மேலே போனபோது, ஆவுடையப்பன் அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைகள் ஒரு பெட்டியில். அவளுடைய சேலைகள், அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை, மிச்சமிருந்த பருப்புப் பொடி எல்லாம் இன்னொரு பெட்டியில்.

"என்னங்க, தனித்தனியா வைக்கிறீங்க?"

"நீ இருந்துக்கயேன் வல்லி" என்றார் அவர், திரும்பாமல். "நம்ம ஊருல உனக்கு யாரு தொப்பி கழத்துவா?"

"நீங்க?"

"மோட்டார் போட ஆள் வேணும்லா. ரெண்டு நாள் விட்டா தொட்டி காஞ்சிரும்."

அவள் சாவியோடு கீழே இறங்கினாள். மொரிஷிதாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். வழியில் ஆற்றங்கரையில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தி, இப்போதா, வீட்டுக்குப் போகவா என்பதுபோல ஏறிட்டுப் பார்த்தார்கள். அவள் இல்லை என்று கையசைத்ததும் மறுபடி ஓடினார்கள். அதுவரை அவள் தொப்பிகளையே பார்த்திருந்தாள். இப்போதுதான் இது உறைத்தது.

மணி மண்டபத்தில் ஷூகேன் சத்தமில்லாத மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு நாள் மேலுக்குச் சொகமில்ல, இல்ல ஊருலேருந்து ஒரு கெட்ட சேதி வருது, சிரிப்பு வரலன்னு வைங்க" என்றாள் அவள். "அப்ப இந்தப் பிள்ளைங்க வீட்டுக்கே போகாதா?"

மொரிஷிதா கேட்டுச் சொன்னார்: "போகமாட்டார்களாம். காத்திருப்பார்களாம்."

"அப்ப இதத் திருப்பிக் குடுக்கணும். என்ன வழின்னு கேளுங்க."

மணியின் உள்ளே நின்று அவள் மனதாரச் சிரித்தால் சத்தம் தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளலாம் என்றார் ஷூகேன். செய்து காட்டுகிற சிரிப்பு உதவாது.

"அதோட சேந்து என் சிரிப்பும் உள்ள போயிட்டா?"

துறவி துடைப்பதை நிறுத்தினார். பிறகு ஒரே வார்த்தை சொன்னார். "அறியேன் என்கிறார்" என்றார் மொரிஷிதா, மிகவும் மெதுவாக.

செண்பகவல்லி மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பில்லாத செண்பகவல்லியைக் கற்பனை செய்ய முயன்றாள். துக்க வீடுகளில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறவள், முந்தானை கசங்காதவள், யாரும் திரும்பிப் பார்க்காதவள். அந்தப் பொம்பளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. கீழே ஆற்றங்கரையிலிருந்து பந்து மேலே எழும்பி எழும்பித் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, சாவியை மொரிஷிதாவிடம் கொடுத்தாள்.

மாலை ஐந்தே முக்காலுக்கு முற்றத்தில் முந்தின நாளைவிட இரண்டு மடங்கு கூட்டம். மணியின் விளிம்பு தரையிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. செண்பகவல்லி குனிந்து உள்ளே நுழைந்து நிமிர்ந்தாள். இருட்டு, வெண்கல வாசனை, தன் மூச்சே தன்மேல் திரும்பி வந்து மோதியது. வெளியே நானூறு பேருக்கு அவளுடைய சேலைக் கரையும் ஷூவும் மட்டும் தெரிந்தன. அவள் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை, வருவதாவது, பயத்தில் அழுகைதான் வந்தது.

அப்போது ஒரு ஜோடி முழங்கால் சடக் சடக் என்று சத்தமிட, அவளுக்குப் பக்கத்தில் ஆவுடையப்பன் எழுந்து நின்றார். இருவருக்கும் மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுதான் இடம்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஒரு விஷயம் சொல்லணும். வெளிச்சத்துல சொல்ல முடியாது." அவர் தொண்டையைச் செருமினார், அது உள்ளே இடி போல உருண்டது. "ஒம்பதாங் கிளாஸ்ல, காலைல பிரேயர் நடக்கும்போது நான் ஒரு தடவ சிரிச்சேன். ஹெட்மாஸ்டர் பாட்ட நிறுத்திட்டு, எவன்டா எலிக்குஞ்ச மிதிச்சதுன்னு கேட்டாரு. பள்ளிக்கூடம் முடியிறவரைக்கும் என் பேரே எலிக்குஞ்சுதான். அன்னையிலேருந்து வாயை மூடுனவன்தான்."

செண்பகவல்லி யோசித்துப் பார்த்தாள். முப்பத்துநாலு வருஷத்தில் இந்த மனிதர் சிரித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சிரிப்பே வராத ஜென்மம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நீ சிரிச்சா எனக்கும் வந்துரும் வல்லி. அடக்கவே முடியாது. அதான் நீ ஆரம்பிக்கும்போதே மெதுவா, மெதுவான்னு..."

"ஊரு பாக்குதேன்னு சொன்னீங்கன்னுல்லா நினைச்சேன்."

"ஊரு கிடக்கு ஊரு. துக்க வீட்டுல அந்தப் பாட்டு அடிச்சப்ப நான் எங்க போனேன்னு நினைக்க? மாட்டுத் தொழுவத்துல வைக்கப்போருக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னேன்."

"எங்க, சிரிங்க பாப்போம்" என்றாள் அவள்.

"இப்பவா?"

"இங்க யாரு இருக்கா?"

இருட்டில் அவர் வைக்கப்போரை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் மூச்சு இரண்டு மூன்று தடவை தடுக்கியது. பிறகு, அந்த ஆறடி உடம்பிலிருந்து, கூட்டுறவு வங்கியின் இருபத்தாறு கிளைகளை நடுங்க வைத்த அந்த மீசைக்கு அடியிலிருந்து, ஒரு சத்தம் வந்தது.

"கிக்."

அவ்வளவுதான். செண்பகவல்லி சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினாள், சுவர் என்று ஒன்று இல்லை, மணிதான் இருந்தது. "கிக்" என்றது இன்னொரு தடவை. அவளுடைய அடிவயிற்றில் ஒன்று கழன்றது. அவள் மணிமேலும் கணவர்மேலும் சாய்ந்துகொண்டு, முந்தானையை நினைக்காமல், வாயைத் திறந்து, மூன்று தெரு, முப்பது தெரு, முந்நூறு வருஷத்துக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். சத்தம் அவளிலிருந்து கிளம்பி வெண்கலத்தில் ஏறி, சுற்றி, தன் பழைய இடத்தைத் தேடி உட்கார்ந்து, அங்கிருந்து வெளியே புறப்பட்டது. நானூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆறு மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

காது அடைத்துப் போய், தலைமயிர் நட்டுக்கொண்டு இருவரும் தவழ்ந்து வெளியே வந்தார்கள். ஷூகேன் மரத்தண்டை இழுத்து, ஒரே ஒரு தடவை, சோதித்துப் பார்க்க விட்டார். மணி ஒலித்தது. அகலமாக, அவசரமில்லாமல், மலைவரை போய்த் திரும்பி, தேய்ந்து தேய்ந்து, இனி இல்லை என்று எல்லோரும் மூச்சு விடப்போகிற இடத்தில், மணிக்குள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டது:

"கிக்."

நானூறு தலைகள் ஒரே பக்கம் சாய்ந்தன. ஹயகாவா படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். மொரிஷிதா நெஞ்சில் கைவைத்து, "அம்மையே, தங்கள் கொழுநரின் நகைப்பும் மணியினுள் குடிபுகுந்தது" என்றார். அதைக் கேட்டுச் செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பயந்து கையால் வாயைப் பொத்தினாள், பிறகு விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஹா ஹா ஹா என்று அவளுடைய சொந்தச் சிரிப்பு, கோவில்பட்டிச் சிரிப்பு, சேதமில்லாமல் வந்தது. யாரும் தொப்பியைக் கழற்றவில்லை. சில பேர் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். அது போதுமாக இருந்தது.

ஆவுடையப்பனும் சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, மீசை துடித்தது. சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் மொரிஷிதா கடிதத்தில் எழுதியிருந்தார். கிக் என்பது மணியின் பழுதா, பகுதியா என்று நகராட்சி மன்றம் மூன்று முறை கூடி, பகுதிதான் என்று தீர்மானித்தது. சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தில் 'முழுவதும் முடியும்வரை காத்திருக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். பிள்ளைகள் தங்கள் பங்குக்கு, மணி அடித்துவிட்டதென்று கூப்பிடுகிற அம்மாக்களிடம், கிக் வராதவரை மணி முடிந்ததாகக் கணக்கில்லை என்று வாதாடி வென்றுவிட்டார்கள். டோங்குக்கும் கிக்குக்கும் நடுவில் இருபத்துமூன்று விநாடி. அந்த இருபத்துமூன்று விநாடியில் மிசுமோரியின் ஆற்றங்கரைப் பந்தாட்டத்தில் அடிக்கப்படுகிற கோல்கள்தான் நாளிலேயே அதிகம். அந்தக் கிக் சத்தத்தை ஊரே வைத்துக்கொள்ள அனுமதி கோரி மேயர் கையெழுத்திட்ட ஒரு தாளும் கூடவே இருந்தது. ஆவுடையப்பன் அதை இரண்டு முறை படித்து, மேலாளராக இருந்தபோது போட்ட நீளக் கையெழுத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அங்கே ஆறு மணி ஆகும்போது கோவில்பட்டியில் மதியம் இரண்டரை. சாப்பாடு முடிந்து ஆவுடையப்பன் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம். சில நாள் பேப்பர் மட்டும் ஆடும். அடுப்படியிலிருந்து செண்பகவல்லிக்கு ஒன்றும் கேட்காது. அதனால் அவள் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்வாள், ஆடினால் ஈரக் கையோடு வந்து எதிரில் உட்கார்ந்து, அவருடைய தோள் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னங்க?" என்று கேட்பாள் கடைசியில்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார். அவள் கேட்பாள். மூன்றாவது தெருவில் கடலைமிட்டாய்க்குப் பொட்டலம் கட்டுகிற பெண்கள் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டு, "மேனேஜர் ஐயா இன்னைக்கு என்னத்தையோ சொல்லிட்டாரு" என்பார்கள்.